ரூபாயா, யூரோவா? ஒரு கேள்விக்குள் ஒளிந்திருக்கும் கமிஷன்!

பாரிஸ் நகரத்தில் ஒரு கடை. சென்னையிலிருந்து உல்லாசப் பிரயாணம் போன ஒருவர் அங்கே சாமான் வாங்குகிறார். விலை 200 யூரோ. கார்டை எடுத்து நீட்டுகிறார். கடைச் சிப்பந்தி அதை ஒரு சிறு யந்திரத்தில் செருகுகிறார். உடனே யந்திரத்தின் திரையில் ஒரு கேள்வி தோன்றுகிறது.

"யூரோவில் செலுத்துகிறீர்களா? இந்திய ரூபாயில் செலுத்துகிறீர்களா?"

அந்நிய நாட்டில் நமது ரூபாயின் பெயரைக் கண்டதும் பிரயாணிக்கு ஒரு மகிழ்ச்சி. "அடடா, நமக்காக எவ்வளவு வசதி செய்திருக்கிறார்கள்!" என்று எண்ணுகிறார். ரூபாய் என்ற பொத்தானை அழுத்துகிறார். அந்த ஓர் அழுத்தலில் அவருடைய பணத்தில் சில நூறு ரூபாய் வேறு சிலருடைய பைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. போனது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் புகார் செய்ய வழியில்லை. ஏனென்றால் பொத்தானை அழுத்தியவர் அவரே!

இன்று தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு போகிறவர்கள் பணக்காரர்கள் மட்டும் அல்ல. படிக்கப் போகும் மாணவர்கள், பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோர்கள், கம்பெனி வேலையாகப் போகும் இளைஞர்கள், பல வருஷம் சேமித்த பணத்தில் ஒரு தடவை உலகத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று புறப்படும் நடுத்தரக் குடும்பத்தினர் என எத்தனையோ பேர் போகிறார்கள். இவர்கள் எல்லோருடைய பையிலும் கார்டு இருக்கிறது. இவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி காத்திருக்கிறது. ஆகவே இதன் உள் விவகாரத்தைத் தெரிந்துகொள்வது அவசியம்.

பழைய சராப்பு, புதிய வேஷம்

நாணயத்தை மாற்றுவதற்குக் கூலி வாங்குவது புதிய பழக்கம் அல்ல. அந்தக் காலத்தில் சராப்புக் கடைக்காரர் ஒரு நாணயத்தை வாங்கிக்கொண்டு வேறு நாணயம் கொடுப்பார். அதற்கு 'வட்டம்' பிடித்துக்கொள்வார். வட்டம் எவ்வளவு என்று முதலில் கேட்கலாம். அதிகம் என்று தோன்றினால் அடுத்த கடைக்குப் போகலாம். பேரம் பேசவும் இடம் உண்டு.

இப்பொழுது சராப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர் யந்திரத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார். துணி வாங்கும் இடத்தில், சாப்பிடும் இடத்தில், ஓட்டலில் கணக்குத் தீர்க்கும் இடத்தில் அவரும் கூடவே இருக்கிறார். வட்டத்தை அவர் தனியாகச் சொல்லிக் கேட்பதில்லை. மாற்று விகிதத்துக்குள்ளேயே அதைச் சேர்த்துவிடுகிறார்.

இந்த முறைக்கு 'டைனமிக் கரன்சி கன்வெர்ஷன்' என்று பெயர். பொருள் வாங்கும் இடத்திலேயே, பணம் கொடுக்கும் அந்த நொடியிலேயே, நாணயத்தை மாற்றிக் கணக்குப் போடுவது என்று அர்த்தம். 1990-களில் இது வியாபாரமாகத் தலையெடுத்தது. இதை முன்னின்று வளர்த்தவை அயர்லாந்து நாட்டுக் கம்பெனிகள். இன்று ஐரோப்பா முழுவதும், கிழக்காசிய நாடுகளிலும், வளைகுடா நாடுகளிலும் இது பரவிக் கிடக்கிறது. நமது நாட்டிலும் வெளிநாட்டுக் கார்டைக் கண்டால் இதே கேள்வியைக் கேட்கும் யந்திரங்கள் உண்டு.

இரண்டு மார்க்கங்கள்

கார்டு மூலம் வெளிநாட்டில் பணம் கொடுக்கும்பொழுது, யூரோவை ரூபாயாக மாற்றும் வேலையை யாராவது ஒருவர் செய்துதான் ஆகவேண்டும். அதற்கு இரண்டு மார்க்கங்கள் இருக்கின்றன.

நீங்கள் "யூரோ" என்று சொன்னால், கணக்கு யூரோவாகவே விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு ஸ்தாபனத்துக்குப் போகிறது. அந்த ஸ்தாபனம் தன்னுடைய விகிதப்படி அதை ரூபாயாக மாற்றுகிறது. அந்த விகிதம் சந்தை விகிதத்துக்கு மிகவும் நெருங்கியே இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அதைத் தினமும் வெளியிடுகிறார்கள். பிறகு உங்கள் பாங்கி அதன்மேல் தன் கட்டணத்தைப் போடுகிறது. இந்தியப் பாங்கிகள் பலவற்றில் இந்தக் கட்டணம் 2 முதல் 3.5 சதவிகிதம். அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வரியும் உண்டு. இந்தக் கட்டணமே வாங்காத சில கார்டுகளும் இருக்கின்றன.

நீங்கள் "ரூபாய்" என்று சொன்னால் மாற்றும் வேலை அந்தக் கடையின் பாங்கியிடமும், அதோடு சேர்ந்து தொழில் செய்யும் மாற்றுக் கம்பெனியிடமும் போய்விடுகிறது. விகிதத்தை அவர்கள் நிர்ணயிக்கிறார்கள். வருகிற லாபத்தில் மாற்றுக் கம்பெனிக்கு ஒரு பங்கு. கடையின் பாங்கிக்கு ஒரு பங்கு. கடைக்காரருக்கும் ஒரு பங்கு! சில கடைகளில் "ரூபாயிலேயே போடட்டுமா?" என்று அவ்வளவு அன்பாகக் கேட்பதன் ரகசியம் இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வாயால் சொன்னால் போதாது. கணக்குப் போட்டால்தான் விஷயம் விளங்கும். சுலபமாக இருக்கட்டும் என்று ஒரு யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 200 யூரோ சாமானுக்கு உண்மை மதிப்பு 20,000 ரூபாய்.

முதல் மார்க்கம்: யூரோவில் கொடுக்கிறோம். பாங்கிக் கட்டணம் அதிகமாக 3.5 சதவிகிதம் என்றே வைத்துக்கொள்வோம். அது 700 ரூபாய். அதன்மேல் வரி 126 ரூபாய். ஆக மொத்தம் 20,826 ரூபாய்.

இரண்டாவது மார்க்கம்: ரூபாயில் கொடுக்கிறோம். மாற்றுக் கம்பெனி 6 சதவிகிதம் ஏற்றுகிறது என்று கொள்வோம். யந்திரத்தில் தெரியும் தொகை 21,200 ரூபாய். பிரயாணி இத்தோடு தீர்ந்தது என்று நினைப்பார். தீரவில்லை! வெளிநாட்டில் ரூபாயாகவே கணக்கு வந்தாலும், அதற்கென்று ஒரு சதவிகிதம் அளவில் தனிக் கட்டணம் வசூலிக்கும் இந்தியப் பாங்கிகள் பல உண்டு. அது 212 ரூபாய். அதன்மேல் வரி 38 ரூபாய். ஆக மொத்தம் 21,450 ரூபாய்.

ஒரே சாமான். ஒரே கடை. ஒரே கார்டு. 624 ரூபாய் வித்தியாசம்! ஏற்றம் 12 சதவிகிதமாக இருந்தால் மொத்தம் 22,664 ரூபாய் ஆகிவிடும். வித்தியாசம் 1,838 ரூபாய். கட்டணம் வாங்காத கார்டு வைத்திருப்பவருக்கோ நஷ்டம் இன்னும் அதிகம். ஏனென்றால் யூரோ என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஏறக்குறைய 20,000 ரூபாயோடு முடிந்திருக்கும்.

இந்த 12 சதவிகிதம் கற்பனை அல்ல. ஐரோப்பிய நுகர்வோர் சங்கங்களின் கூட்டமைப்பு 2017-ம் ஆண்டில் இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. இந்த முறையை ஏற்றுக்கொண்டவர்கள் ஏறக்குறைய எல்லாச் சமயங்களிலும் நஷ்டமே அடைந்தார்கள் என்றும், அந்த நஷ்டம் 2.6 சதவிகிதம் முதல் 12 சதவிகிதம் வரை இருந்தது என்றும் அது கண்டது.

மறுபக்கத்து நியாயம்

இந்தத் தொழிலை நடத்துகிறவர்களும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். "ரூபாயில் கொடுத்தால் எவ்வளவு செலவு என்பது அப்பொழுதே நிச்சயமாகத் தெரிந்துவிடுகிறது. யூரோவில் கொடுத்தால் பாங்கிக் கணக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். விகிதமும் அதற்குள் மாறலாம். நிச்சயம் வேண்டுமென்று விரும்புகிறவர்களுக்கு நாங்கள் சேவை செய்கிறோம். அதற்குத்தான் கூலி" என்கிறார்கள்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. கம்பெனிச் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டியவருக்கு ரூபாய்த் தொகை உடனே தெரிவது உபயோகமாக இருக்கலாம். ஆனால் ஓரிரண்டு நாளில் ரூபாயின் மதிப்பு ஐந்து, ஆறு சதவிகிதம் விழுவது சாதாரணமாக நடக்கும் காரியம் அல்ல. சிறு தூறலுக்குப் பயந்து பெரிய குடையை, அதுவும் மூன்று மடங்கு விலைக்கு வாங்குவது போன்றதுதான் இது.

இன்னொரு விஷயத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். நமது பாங்கிகளின் கட்டணமும் குறைவானது அல்ல. 3.5 சதவிகிதமும் அதன் வரியும் சேர்ந்தால் 4.13 சதவிகிதம் ஆகிறது. வெளிநாட்டுக் கடையின் யந்திரம் ஏதோ ஒரு சமயம் 2 அல்லது 2.5 சதவிகிதம் மட்டும் ஏற்றினால், அந்தக் கார்டுக்காரருக்கு ரூபாயில் கொடுப்பதே லாபமாகக்கூட இருக்கலாம். ஆனால் பாங்கியின் ஒரு சதவிகிதத் தனிக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஏற்றம் 3 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால்தான் லாபம். அப்படி அமைவது அபூர்வம். கடை வாசலில் நின்றுகொண்டு இவ்வளவு கணக்கையும் யார் போடுவார்கள்? போடமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது!

திரையில் நடக்கும் தந்திரம்

கேள்வி கேட்பது தவறு அல்ல. கேட்கும் விதத்தில்தான் தந்திரம் இருக்கிறது. ரூபாய்த் தொகை பெரிய எழுத்தில் இருக்கும். அதன் பக்கத்தில் பச்சைப் பொத்தான் இருக்கும். யூரோவுக்குச் சிவப்புப் பொத்தான். சிவப்பு என்றால் ஆபத்து, பச்சை என்றால் போகலாம் என்று பழகிய கை தானாகவே பச்சையை நாடும். மாற்று விகிதமும் ஏற்றமும் அடியிலே பொடி எழுத்தில் கிடக்கும்.

பணம் எடுக்கும் யந்திரங்களில் இது இன்னும் மோசம். அங்கே "நாணய மாற்றத்தை ஏற்கிறேன்", "நாணய மாற்றத்தை மறுக்கிறேன்" என்று இரண்டு பொத்தான்கள் வரும். மறுத்தால் பணமே வராது போலிருக்கிறது என்று பிரயாணி அஞ்சுகிறார். இரவு நேரம், புதிய ஊர், பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஏற்றுக்கொண்டுவிடுகிறார். உண்மை என்னவென்றால், மாற்றத்தை மறுத்தாலும் பணம் வரும். மறுப்பது அந்த யந்திரக்காரரின் விகிதத்தை மட்டுமே. பணம் எடுப்பதை அல்ல.

சில கடைகளில் கேள்வியே கேட்காமல் சிப்பந்தியே ரூபாயைத் தேர்ந்தெடுத்துவிடுவதும் உண்டு. சில ஓட்டல்களில் அறை எடுக்கும்பொழுது கையெழுத்து வாங்கும் படிவத்திலேயே சம்மதம் அச்சாகியிருக்கும். ரசீதின் அடியில், "இரண்டு நாணயங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்கு அளிக்கப்பட்டது, நானே இதைத் தேர்ந்தெடுத்தேன்" என்ற கருத்தில் ஒரு வரி இருக்கும். பின்னால் புகார் செய்தால் அந்த வரியே நமக்கு எதிரான சாட்சி!

ஐரோப்பாவின் சட்டம்

தன் பிரஜைகளே இப்படி ஏமாறுவதைக் கண்டு ஐரோப்பிய யூனியன் ஒரு சட்டம் செய்தது. 2019-ம் ஆண்டு மார்ச் 19-ந் தேதி நிறைவேறிய 518-ம் எண் சட்டம் அது. கடையிலோ, பணம் எடுக்கும் யந்திரத்திலோ நாணயத்தை மாற்றிக் கொடுப்பவர்கள், தாங்கள் எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைச் சதவிகிதமாகச் சொல்லவேண்டும் என்று அது கட்டளையிட்டது. எதற்குமேல் ஏற்றம்? ஐரோப்பிய மத்திய பாங்கி வேலை நாட்களில் வெளியிடும் குறிப்பு விகிதத்துக்குமேல். பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். உள்ளூர் நாணயத்திலேயே கொடுக்கலாம் என்பதையும் தெரிவிக்க வேண்டும். 2020 ஏப்ரல் 19 முதல் இது அமலுக்கு வந்தது.

இதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. முன்பு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விகிதத்தைக் காட்டி, "எங்களிடம் கமிஷனே கிடையாது" என்று கூசாமல் சொல்லிவந்தார்கள். இப்பொழுது எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம்.

ஆனால் இரண்டு குறைகள் இருக்கின்றன. முதலாவது, எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு அந்தச் சட்டம் உச்சவரம்பு வைக்கவில்லை. சொல்லிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம்! இரண்டாவது நமக்கு முக்கியமானது. அந்தச் சட்டம் ஐரோப்பிய யூனியனுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்காக எழுதப்பட்டது. சென்னையில் ஒரு பாங்கி கொடுத்த கார்டுக்கு அது கவசம் என்று எண்ணிவிடக் கூடாது. நமக்கு இருக்கும் பாதுகாப்பு கார்டு ஸ்தாபனங்களின் சொந்த விதிகள்தான். பிரயாணியின் சம்மதம் இல்லாமல் நாணயத்தை மாற்றக் கூடாது என்று அந்த விதிகள் சொல்கின்றன.

யானைகளின் சண்டை

கார்டு ஸ்தாபனங்கள் நம்மிடம் உள்ள அன்பினால் மட்டும் அந்த விதிகளை வைத்திருக்கின்றனவா? அதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு வழக்கைப் பார்க்கவேண்டும்.

2010-ம் ஆண்டில் விசா ஸ்தாபனம் இந்த மாற்று முறை புதிய கடைகளுக்குப் பரவக்கூடாது என்று சில மாதங்களுக்குத் தடை போட்டது. பிரயாணிகளைக் காப்பாற்றிய நல்ல காரியம் என்றுதானே தோன்றுகிறது? ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் போட்டி, நுகர்வோர் கமிஷன் அப்படிக் கருதவில்லை. நாணயம் மாற்றுவதில் விசாவுக்கும் வருமானம் உண்டு. மாற்றுக் கம்பெனிகள் அதற்குப் போட்டி. போட்டியைத் தடுப்பது குற்றம் என்று வழக்குத் தொடர்ந்தது. 2015-ம் ஆண்டில் கோர்ட்டு விசாவுக்கு 1 கோடியே 80 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? மாற்றும் உரிமைக்காக இரண்டு பக்கமும் போராடுகிறார்கள் என்றால், அதில் பணம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பணம் பிரயாணியின் பணம். போட்டி வந்தால் விலை குறையும் என்பது பொருளாதாரப் பாடம். ஆனால் வாங்குகிறவருக்கு இரண்டு விலையும் தெரிந்தால்தான் அந்தப் பாடம் பலிக்கும். யந்திரத்தின் திரையிலோ ஒரு பக்கத்து விலைதான் தெரிகிறது. ரூபாயில் எவ்வளவு என்று அது காட்டும். யூரோவில் கொடுத்தால் உங்கள் பாங்கி எவ்வளவு பிடிக்கும் என்று அதற்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லாது!

வீட்டிலிருந்தபடியே வரும் செலவு

வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்று மற்றவர்கள் சும்மா இருந்துவிட வேண்டாம். வீட்டிலிருந்தபடியே இன்டர்நெட் மூலம் வெளிநாட்டுக் கம்பெனியிடம் டிக்கெட்டோ, பொருளோ வாங்குகிறவர்களுக்கும் இது உண்டு. விலை ரூபாயில் காட்டியிருக்கும். ஆனால் அந்தக் கம்பெனி வெளிநாட்டில் பதிவானதாக இருந்தால், முன்பு சொன்ன தனிக் கட்டணத்தைச் சில பாங்கிகள் பிடித்துக்கொள்ளும். மாதக் கணக்கில் சில ரூபாய்கள் என்னவென்று தெரியாமல் நின்றால், காரணம் இதுவாக இருக்கலாம்.

பிரயாணிகள் செய்யவேண்டியது

புறப்படுவதற்கு முன்பே உங்கள் பாங்கியின் கட்டணப் பட்டியலைப் பாருங்கள். வெளிநாட்டுச் செலவுக்கு எத்தனை சதவிகிதம், வெளிநாட்டில் ரூபாயில் செலுத்தினால் எத்தனை சதவிகிதம் என்ற இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டணம் குறைந்த கார்டு இருந்தால் அதை எடுத்துப் போங்கள்.

கடையில் கார்டைக் கொடுக்கும்பொழுதே, "உள்ளூர் நாணயத்தில் போடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். இரகசிய எண்ணைப் போடுவதற்கு முன் திரையைப் பாருங்கள். பிரான்ஸ் என்றால் யூரோ, சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூர் டாலர், துபாய் என்றால் திர்ஹாம் இருக்கவேண்டும். ரூபாய் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

பணம் எடுக்கும் யந்திரத்தில் "மாற்றத்தை மறுக்கிறேன்" என்பதை அஞ்சாமல் அழுத்துங்கள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பதைத் தவிருங்கள். அதற்கு முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

உங்களைக் கேட்காமல் ரூபாயில் போட்டுவிட்டால், கையெழுத்துப் போடாமல் அந்த இடத்திலேயே ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். மறுத்தால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு உங்கள் பாங்கியிடம் எழுத்து மூலம் ஆட்சேபணை தெரிவியுங்கள்.

ரிசர்வ் பாங்கி செய்யக்கூடியது

எல்லாப் பாரத்தையும் பிரயாணியின் தலையிலேயே வைப்பது நியாயம் ஆகாது. பிறநாட்டுக் கடைக்காரரை நமது சட்டத்தால் கட்டுப்படுத்த முடியாது என்பது உண்மை. ஆனால் நமது பாங்கிகளைக் கட்டுப்படுத்தலாம் அல்லவா?

2020-ம் ஆண்டில் ரிசர்வ் பாங்கி ஒரு நல்ல விதியைக் கொண்டுவந்தது. புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் உள்நாட்டு உபயோகத்துக்கு மட்டுமே திறந்திருக்க வேண்டும். வெளிநாட்டு உபயோகம் வேண்டுமானால் கார்டுக்காரரே கேட்டுத் திறந்துகொள்ள வேண்டும் என்பது அந்த விதி. அப்படித் திறக்கும் அந்த நேரமே எச்சரிக்கை செய்வதற்கு ஏற்ற நேரம். "வெளிநாட்டில் உள்ளூர் நாணயத்தில் செலுத்துங்கள். எங்கள் கட்டணம் இத்தனை சதவிகிதம், ரூபாயில் செலுத்தினால் இத்தனை சதவிகிதம்" என்று தமிழிலும் மற்ற மொழிகளிலும் ஒரு வரி காட்டச் சொன்னால் என்ன? பாங்கிகளுக்கு இதனால் செலவு இல்லை. கணக்கு அனுப்பும்பொழுது, மாற்று விகிதம், கட்டணம், வரி என்று மூன்றையும் தனித்தனியாகப் போட்டுக் காட்டச் சொல்லலாம். ஐரோப்பிய யூனியனைப் போல, விகிதத்தின்மேல் எவ்வளவு ஏற்றம் என்பதை நமது பாங்கிகளும் ஒரே அளவுகோலால் சொல்லும்படி செய்யலாம்.

நாணயத்தை மாற்றிக் கொடுப்பவருக்குக் கூலி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உழைத்தவருக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கூலி எவ்வளவு என்பதைக் கேட்டு வாங்கட்டும். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நமது பெரியவர்கள் வாக்கு. அளந்து பார்க்கும் உரிமை பணத்துக்கு உடையவருக்கு உண்டு. அந்த அளவுகோலை ஒளித்து வைப்பவர் பாரிஸில் இருந்தாலும் சரி, நமது ஊர்ப் பாங்கியில் இருந்தாலும் சரி, அதை வெளியே எடுத்து வைக்கச் சொல்ல வேண்டியது அரசாங்கத்தின் கடமை.